செவ்வந்தி கொடுக்காத தார்ப்பாய்

பாபநாசம் பக்கத்தில் செவ்வந்தியைத் தெரியாத விவசாயி இல்லை. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்துக் கிடப்பவர்களுக்குத் தார்ப்பாய் வாடகைக்கு விடுகிறாள். நடவுக்கும் களைக்கும் போய்ச் சேர்த்த காசில் முதல் பாயை வாங்கினாள். இன்று ஒரு கொட்டகை நிறைய இருக்கிறது. திரும்பி வரும் ஒவ்வொரு பாயையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஊசித் துளையளவு வெளிச்சம் தெரிந்தாலும் ஒட்டுப் போடாமல் அடுத்தவருக்குத் தரமாட்டாள்.

இந்தத் தொழிலை வளர்த்துவிடத் தஞ்சாவூரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டு வந்தது. குறுந்தொழில் வளர்ச்சி மையமாம். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவர்களில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி இளம்பரிதி. ஏசி அறையில் நாலு படம் போட்டுக்காட்டக் கற்றதும் அக்காவுக்கே வியாபாரம் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டான்.

“மழை வந்தா வாடகையை ரெண்டு மடங்காக்குக்கா. அதுதான் வளர்ச்சி.”

“அதுக்குப் பேரு வழிப்பறிடா.”

மாசி மாதம் மையம் ஒரு விழா வைத்தது. சிறந்த தொழில்முனைவோர் விருது செவ்வந்திக்கு. விழாவுக்கு முதல் நாள் மாலை இளம்பரிதி மினிலாரியோடு கொள்முதல் நிலையத்துக்கே வந்து நின்றான். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டிருந்தது.

“பந்தல்காரர் கைவிரிச்சுட்டாருக்கா. விழாப் பந்தல் மேல போட உன் பாய் வேணும்.”

“எல்லாம் நெல்லு மேல கிடக்கு.”

“பாதியை உருவிக்கலாமே. ஒரு நாள்தானே?”

“வாடகை?”

“விருதே தர்றோமேக்கா!”

தன் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணு பதறி எழுந்தார். நனைந்த நெல்லை எடுக்கமாட்டார்கள். அவருடைய ஒரு போகத்து உழைப்பும் அந்தக் குவியலில்தான் இருந்தது.

“என்னம்மா செவ்வந்தி, தம்பி என்னமோ உருவணும்ங்கறாரு?”

“நீங்க உக்காருங்க மாமா. ஐயா பெரிய மனுசன். தொழிலைத் தூக்கிவிட வந்தவரு, பாயைத் தூக்கிட்டுப் போகப் பார்க்குறாரு.”

இளம்பரிதியின் குரல் இறங்கியது. “பெரிய அதிகாரிங்க வர்றாங்க. என் வேலை நிரந்தரமாகறது இதுலதான் இருக்கு. நனைஞ்சா என்னைத்தான் கேப்பாங்கக்கா.”

பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரிவிட்ட தம்பி. செவ்வந்தி ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு குவியலோரம் குனிந்து, தளர்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

“வேலை போனா இங்க வா. பாய் மடிக்க எனக்கும் ஆள் வேணும்.”

லாரி வெறுமனே திரும்பிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. துரைக்கண்ணுவின் நெல் நனையாமல் எடைக்குப் போனது. விழாவைக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். விருது, இனிமேல் கடை வைக்கப்போவதாகச் சொன்ன ஒருவருக்குப் போயிற்று. அவரால் அதிகாரிகளுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

இளம்பரிதிக்கு வேலை நிரந்தரமாகவும் இல்லை, போகவும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் யாருக்கும் அவ்வளவு சீக்கிரம் எதுவும் ஆகிவிடாது. அந்த மாசி மகத்துக்கு அவன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. அவளும் போய்க் கூப்பிடவில்லை.