ஒளித்து வைத்த எண்

பால் தண்ணீராக இருந்தால் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். கெட்டியாக இருந்தாலும் சந்தேகப்படுகிறவள் அவள். ஆய்வுக்கூடத்தில் 'போலீஸ் அக்கா' என்று பெயர். வேலையும் அதற்குத் தோதுதான். கூடிக் குறைந்து ஒளிரும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, நிஜமாகவே அவ்வளவு தூரமா, இல்லை தூசி மறைத்து ஏமாற்றுகிறதா என்று விசாரிக்க வேண்டும். தூரம் சரியானால்தான் பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்ல முடியும்.

எதிர்க் கட்டடத்தில் அவள் கணவரும் அதே வேகத்தைத்தான் அளந்தார், பிரபஞ்சம் பிறந்த காலத்திலிருந்து வரும் ஒளியை வைத்து. அவர் குழுவுக்கு விடை அறுபத்தேழு வந்தது. அவள் குழுவுக்குப் போன முறை எழுபத்து மூன்று. பிசகு யார் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆசைப்பட்ட விடைக்குக் கணக்கு வளைந்துவிடக் கூடாதே என்று, இம்முறை குழுத்தலைவர் தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு ரகசிய எண்ணை விடையோடு கூட்டி வைத்திருந்தார். வேலை முடிந்த பிறகே அதைக் கழித்து உண்மை விடையைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது கணவர் சொன்னார்: "பாரேன், இந்தத் தடவையும் எழுபத்து மூணுதான் வரும்."

அவள் கை தட்டிலேயே நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன தடவை வந்ததுதானே. சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றவருக்கு எங்க தலைவர் சாரோட தினம் என்ன டீ?"

"டீ குடிச்சா குத்தமா?"

அன்பான மனிதர்தான். ஆனால் அவர் சொன்னது உண்மையானால், கையிலிருக்கும் விடையிலிருந்து எழுபத்து மூன்றைக் கழித்து ரகசிய எண்ணை அவள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். அவளையும் அறியாமல் கணக்கு வளையும். வருடக்கணக்கான உழைப்பு கறைபட்டுப் போகும்.

மறுநாள் தலைவரிடம் புருஷனைக் காட்டிக்கொடுத்தாள். "தப்பா நினைக்காதீங்க சார், உங்களையும் நம்பல. வேற யாராவது வேற எண் போடட்டும். நான் மொதல்லேர்ந்து செய்றேன்."

"கண்ணாடில தெரியறது நீங்கதான்னாவது நம்புவீங்களாம்மா?" என்றாலும் அவர் சம்மதித்தார்.

விஷயம் கணவர் காதுக்குப் போயிற்று. அவர் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்தினார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டுமே சத்தம் போட்டன. அவள் நட்சத்திரங்களோடு மாரடித்தாள்.

கடைசியில் ரகசிய எண்களைக் கழித்து, அவள் கைவிட்ட கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் திறந்தார்கள். பழையது எழுபத்தொன்று. புதியது எழுபது. எழுபத்து மூன்று எங்குமே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னாள். கணவர் மாதங்களுக்குப் பிறகு வாய் திறந்தார். "தெரிஞ்சிருந்தா சரியாவே சொல்லியிருப்பேனே."

"மன்னிச்சிடுங்க," என்றாள்.

"உன்னை மன்னிச்சிட்டேன். அந்த எழுபதைத்தான் என்னால நம்ப முடியல."

"நானும்தான் நம்பல," என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.