டப்பாவில் மட்டும் இருந்த பெயர்

அப்போது எனக்குப் பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனி நூலகத்தில் வேலை. எங்கள் மாத்திரை கல்லீரலைக் கெடுக்குமா என்று ஒரு டாக்டர் கேட்டிருந்தார். மதியத்துக்குள் பதில் போக வேண்டும். இணையத்தில் மருத்துவக் கட்டுரைகளைத் தேட உட்கார்ந்தேன். மேலாளர் கீபோர்டை இழுத்து, மாத்திரைக்குத் தான் சூட்டிய விற்பனைப் பெயரை அடித்தார். ஒன்றும் வரவில்லை.

“பாத்தியாம்மா, ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல. அப்படியே எழுதிடு.”

“சார், அந்தப் பேரு நம்ம டப்பாவுல மட்டும்தான் இருக்கு. எந்தப் பேர்ல தேடணும்னு டெர்ம் லிஸ்ட்ல பாக்கணும். மூணு தடவ சொல்லிட்டேன்.”

“எப்பப் பாரு லிஸ்ட்டு!”

பட்டியலில் மாத்திரையின் வேதிப்பெயரை எடுத்து, கல்லீரலோடு சேர்த்துத் தேடினேன். பாதிப்பைச் சொல்லும் கட்டுரைகள் பக்கம் பக்கமாக வந்தன.

“இத மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்றார்.

அத்தனையையும் அச்செடுத்து, டாக்டருக்கான உறையில் வைத்து ஒட்டினேன்.