கில்மானுக்குக் கட்டிய கறுப்பு ரிப்பன்

ஓக்சிம் அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தப் பயல்கள் ஊற்றிவிட்டுப் போன ரத்தத்தைச் சுரண்டி எடுத்தவள் நான். சோளப் பாகில் சிவப்புச் சாயம் கலந்த சினிமா ரத்தம். படப்பிடிப்பு முடிந்து அவர்கள் சியோலுக்கு வண்டி ஏறிய பிறகும் பலகை இடுக்குகளில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. எறும்பு மொய்த்தது. வெந்நீர் ஊற்றினால் இளகிக்கொண்டு இன்னும் நாறியது. போதாததற்கு, கொல்லையில் இருக்கும் சோயா விழுது ஜாடியின் மூடியைக் கவிழ்த்துப்போட்டு அதில் சிகரெட்டை நசுக்கியிருந்தார்கள். வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற விழுது அது. அதன் மூடியில் சாம்பல் தட்டுகிறவனை எங்கள் மொக்போ ஊரில் மனுஷக் கணக்கில் சேர்க்க மாட்டோம்.

"கருமம்! இதுக்கா வீட்டைத் தூக்கிக் குடுத்தே?" என்று கேட்டேன்.

"சின்னப் பசங்கடி, கும்ரான். விடு," என்றாள் அக்கா. அவளுக்கு யாரைப் பார்த்தாலும் சின்னப் பசங்கதான்.

மலைச்சரிவில் எங்கள் சந்தின் கடைசி வீடு அவளுடையது. அதற்கு முந்தியது என்னுடைய முடி சுருட்டும் கடை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா துறைமுகச் சந்தையில் திருக்கை மீன் அறுத்தாள். ஊறவைத்துப் புளித்த திருக்கையின் வாடை மூக்கைக் குத்திக் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். அது அவள் விரலை விட்டுப் போனதே இல்லை. முடி சுருட்ட என் கடைக்கு வந்தால் மற்றப் பெண்கள் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். "நல்லாத் திறங்க, எனக்கும் புழுக்கமா இருக்கு," என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

புருஷன் கில்மான் படகில் போனவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே மகன் வூசோக், சியோலில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. அவன் தன் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம், அப்பா கப்பல் கம்பெனி நடத்துகிறார் என்று அளந்துவைத்திருந்தான். கில்மானுக்கு அது காதில் விழுந்தது. குடித்திருந்த மனுஷன் மேடையேறி, "நான் மீன்காரன்டா!" என்று மைக்கில் கத்திவிட்டு, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றவனை ஓங்கி அறைந்துவிட்டார். அதோடு சரி. மகன் அறுவடைத் திருநாளுக்கும் வரவில்லை, புத்தாண்டுக்கும் வரவில்லை, அப்பா விழுந்த செய்தி சொன்னபோதும் வரவில்லை. அக்கா போன் செய்தால், வேலையாக இருக்கிறேன் என்று ஒரு வரி வந்து விழும்.

இந்த நிலையில்தான் மெங் என்கிற அந்த டைரக்டர் பயல் வந்து சேர்ந்தான். தாடி என்று சொல்ல முடியாத ஒரு தாடி. கையில் காசில்லாத படம். ஒரே ஒரு கேமரா, பின்னால் தூக்கம் கெட்ட முகத்தோடு கொஞ்சம் பிள்ளைகள். பழைய வீடாகத் தேடி அலைந்தவனுக்கு அக்கா வீடு கண்ணில் பட்டுவிட்டது.

"என்னப்பா கதை?" என்று நான்தான் கேட்டேன்.

"அப்பா திதி அன்னிக்கு யாரோ ஒருத்தன் வந்து பந்தியில உக்காந்துடுவான். பையன் கூப்பிட்ட ஆளுன்னு அம்மா நெனைப்பாங்க. அம்மா கூப்பிட்ட ஆளுன்னு பையன் நெனைப்பான். நீ யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவனும் போகவே மாட்டான். செத்த அப்பா மேல அந்தக் குடும்பத்துல ஆளாளுக்கு ஒரு வெறுப்பு. அதைத் தின்னு தின்னு அவன் கொழுப்பான்."

"எங்க சந்துக்குள்ள கால் வெச்சா, நீ யார் வீட்டுப் புள்ளன்னுதான் மொதக் கேள்வியே. ரெண்டு நிமிஷத்துல உன் படம் முடிஞ்சுடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் ஒன்று கேட்டாள்: "சியோல் தியேட்டர்ல ஓடுமா?" ஓடும் என்றான். அந்த நிமிஷமே சரி என்றுவிட்டாள்.

அவன் போனதும் நான் கத்தினேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "வூசோக் சினிமாப் பைத்தியம்டி. நாலு பேர் பாக்குற படத்தக்கூட விடமாட்டான். நம்ம வீட்டு வாசல அவ்ளோ பெரிசாப் பாத்தா சும்மா இருப்பானா? ஒரு தடவ வந்துட்டுப் போகத் தோணாதா?"

நான் என் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

படப்பிடிப்பு முடியும்வரை கில்மானைப் பராமரிப்பு மருத்துவமனையில் விட்டிருந்தோம். அந்தப் பிள்ளைகள் அவரைப் பார்க்கவே இல்லை. அக்கா விடிவதற்குள் அவர்களுக்குச் சோறும் சூப்பும் வைத்துவிட்டுச் சந்தைக்கு ஓடுவாள். அவள் பாசத்தோடு எடுத்துவைத்த திருக்கைத் துண்டைப் பார்த்து ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அன்றைக்கே அவர்களைத் துரத்தியிருக்க வேண்டும்.

படம் முடிந்து, வெளியிடுவதற்கு முன் எங்கள் ஊர்ச் சின்னத் தியேட்டரில் ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். அக்கா என் கடையில் முடி சுருட்டிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். திதிக் காட்சி வந்தது. பழங்கள், சாராயக் கிண்ணம், மெழுகுவத்தி, நடுவில் கறுப்பு ரிப்பன் கட்டிய செத்தவர் படம். சட்டத்துக்குள்ளே கில்மான் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பக்கம் வயதானவர்கள் சாவுக்கான படத்தை உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். எடுத்துவைத்தால் ஆயுள் கூடும் என்பார்கள். கில்மானும் எடுத்து, துணியில் சுற்றி, மெத்தை அலமாரியில் வைத்திருந்தார். ஆயுள் கூட எடுத்த படத்துக்குக் கறுப்பு ரிப்பன் கட்டி, பெண்டாட்டியை அடித்து நொறுக்கிய ஒரு பாவியின் முகமாக ஆக்கியிருந்தார்கள். அந்த அந்நியன் எச்சில் கையால் அந்தக் கண்ணாடியைத் தடவினான்.

வெளியே மெங்கின் சட்டையைப் பிடித்து, அந்த மனுஷன் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கத்தினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"உயிரோட இருக்காரா? ஐயோ! நாங்க கொண்டுவந்த படம் உடைஞ்சுபோச்சு. எங்க கூட வந்த பொண்ணு சோரா, அலமாரியிலேருந்து இத எடுத்தா. காலமாயிட்டார்னு நெனச்சுட்டோம்."

"வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? அவகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"அம்மாவோட துக்கத்தக் கிளறக் கூடாதுன்னு..."

மரியாதையாம்! ஜாடி மூடியில் சிகரெட்டை நசுக்கியவனுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள்.

"வெட்டி எடுத்துடறேன்மா," என்று அக்கா முன்னால் தலை தரையில் படக் குனிந்தான். "சியோல்ல வர்றதுக்கு முன்னாடி அந்தக் காட்சியையே தூக்கிடறேன்."

அக்கா அவன் தோளைத் தொட்டு நிமிர்த்தினாள். பிறகு சொன்னாள்: "வேண்டாம். இருக்கட்டும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, இத்தனை வருஷம் பழகிய அவள் மேலேயே அருவருப்பு வந்தது. "அக்கா, உயிரோட இருக்கற மனுஷன்க்கா அவரு! வீட்டுல நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு உனக்காகக் காத்துக் கெடக்காரு!"

"வாசலப் பாத்து வரலேன்னாலும் இதப் பாத்தா வருவான்," என்றாள்.

சியோலில் படம் வெளியானது. அடுத்த வாரம் ஒரு மத்தியானம், நான் கில்மானைத் தலையணையில் சாய்த்து உட்காரவைக்க, அக்கா அரிசிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைபேசி அடித்தது. திரையில் மகன் பெயர். அவனாகக் கூப்பிட்டு எத்தனை காலம்! அக்கா கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எடுக்கா!"

"எடுத்தா உயிரோட இருக்கார்னு சொல்லணும். சொன்னா வரமாட்டான்."

அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. கில்மான் ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்து அடுத்த வாய்க்குக் காத்திருந்தார்.

மறுநாள் அதே நேரத்துக்கு அவன் வந்தே விட்டான். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. கூடத்து விளிம்பில் நின்று உள்ளே பார்த்தான். கில்மானும் பார்த்தார். மனுஷனின் பாதி முகம் சிரித்தது. கடைவாயில் கஞ்சி வழிந்து மோவாயில் சொட்டியது. "ஊ... ஊ..." என்று மகன் பெயரைச் சொல்லப் பார்த்து, இடது கையை நீட்டினார்.

வூசோக் ஓர் அடி பின்னால் போனான். மூக்கருகே கையைக் கொண்டுபோனதை நான் பார்த்தேன்.

"இவரு இருக்காரா?"

"இருக்காருப்பா. ஷூவக் கழட்டிட்டு மேல வா. சாப்டியா?" என்றாள் அக்கா. இத்தனை வருஷமாகக் கேட்க வைத்திருந்த கேள்வி அது ஒன்றுதான்.

அவன் ஷூவைக் கழற்றவில்லை. "ஏம்மா போனை எடுக்கல? தியேட்டர்ல பக்கத்துல என் பொண்டாட்டி. உங்கப்பா செத்ததக்கூட உனக்குச் சொல்லலியான்னு கேட்டா. என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? ஆபீஸ்ல துக்க லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பத் திரும்பிப் போயி அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

செருப்பைக் கழற்றி அடித்திருப்பேன். ஆனால் அக்கா கோபப்படவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியால் கில்மானின் மோவாயை நிதானமாகத் துடைத்தாள். பிறகுதான் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரிப்பா, நீ கெளம்பு. அடுத்த தடவ நெஜமாவே சொல்லி அனுப்பறேன்."

அவன் படியிறங்கிப் போய்விட்டான். சந்தின் முனைவரை அவன் ஷூச் சத்தம் கேட்டது. கில்மானின் கை இன்னும் நீண்டே இருந்தது. அக்கா அதை மெல்ல மடக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, ஆறிப்போன கஞ்சியைச் சூடு பண்ண எழுந்து போனாள்.