டிராக்டர் எண்ணெயில் ஊறிய ரப்பர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அப்போது நான்கு மெக்கானிக் ஷெட்கள். ஒன்றாக டீ குடிப்போம், ஒருவன் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவன் பந்தி பரிமாறுவான். தொழில் விஷயம் மட்டும் வாயில் வராது. நுணுக்கமான வேலை என்றால் ஷெட் வாசலில் ஒரு கோணியைத் தொங்கவிட்டுக்கொள்வோம். கோணி தொங்கினால் மற்றவன் உள்ளே வரமாட்டான், அதுதான் மரியாதை. ஏதோ ராணுவ ரகசியத்தைக் காப்பதாக எங்களுக்கு நினைப்பு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வண்டிக் கம்பெனி மெட்ராஸில் மூன்று நாள் பயிற்சி வைத்தது. நால்வரில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அங்கே பாடம் நடத்தியவர், பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வாஷரை டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயில் ஊறப்போட்டார். மறுநாள் காலை அது உப்பிப்போய் சிலிண்டருக்குள் நுழையவே இல்லை. இப்படி உப்பினால் பிரேக் சிக்கும், ஒருநாள் பிடிக்காமலே போகும் என்றார். பிரேக் ஆயில் கிடைக்காத நாட்களில் எங்கள் நான்கு ஷெட்டிலும் அந்த எண்ணெயைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். உழவு நடக்கிற ஊர், டிராக்டர் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. எண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று இருந்துவிட்டோம்.

ஊர் திரும்பியதும் நான் ஊற்றுவதை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஷெட்களில் வேலை பார்த்த வண்டிகள் பிரேக் சிக்கிக்கொண்டு என்னிடம் வந்தன. கோணிக்குப் பின்னால் ரப்பரை மாற்றிக் கொடுத்து, கைராசிக்காரன் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேர் எனக்கு இனித்தது.

பக்கத்து ஷெட்காரன் என் கூட்டாளி. ஒரே வயது, ஒரே லாரி ஷெட்டில் தொழில் கற்றவர்கள். ஒருநாள் அவன் ஒரு நெல் மண்டி வேனின் பிரேக்குக்கு டிராக்டர் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். பிறகு, நமக்கெதற்கு வம்பு என்று டீக்கடைக்கு நடந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த வேன் மூட்டைகளோடு வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்குப் போகும்போது ஏரிக்கரைத் திருப்பத்தில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்தது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த கூலியாட்கள் இரண்டு பேர் செத்தார்கள். இருவரும் சாலவாக்கம் பக்கம். அவர்கள் பெண்சாதிகள் வந்து கூட்டாளியின் ஷெட் வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். போலீஸ் அவனை ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமாக அலையவிட்டது. அவன் ஷெட்டை இழுத்து மூடினான்.

இரண்டு மாதம் கழித்து நான் கோணியைக் கழற்றிப் போட்டேன். சுற்றுவட்டார மெக்கானிக்குகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச்சொல்லி, தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். நல்ல மனசு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நல்ல மனசும் இல்லை, ஒன்றும் இல்லை, பயம்.

முதல் ஞாயிறு ரப்பரைத்தான் காட்டினேன். கூட்டாளியும் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தான். உப்பிய ரப்பர் கைமாறி அவனிடம் போனது. விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான்.

“இது உனுக்கு எப்பலேந்து தெரியும்?” என்று கேட்டான்.

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

“இப்பதான். கேஸுக்கு அப்புறம் மெட்ராஸ்ல கேட்டுக்கினு வந்தேன்” என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. “அப்ப நம்ம ஊர்ல யாருக்குமே தெரில. நா மட்டும் முட்டாள் இல்ல” என்றான்.

அதன்பிறகு எந்த ஞாயிறும் அவன் தவறவிட்டதில்லை. புதிதாக வருகிறவர்களை அவனே கையைப் பிடித்து முன்னால் உட்காரவைப்பான்.

“நல்லாக் கேட்டுக்குங்கப்பா. இவுரு எதையும் ஒளிச்சி வெக்கிற ஆளு இல்ல” என்பான்.