வாசித்து விளக்கப்பட்டது

ஜே.பி. நானாவின் றப்பர் முத்திரை மையில் தோய்ந்த பிறகும் காகிதத்தில் இறங்காமல் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கண்டி நகரில் குழாய்ச் சாமான் கடை வைத்திருந்த அக்குறணைக்காரர் அவர். ஜே.பி. எனப்படும் சமாதான நீதவானும் என்பதால், சட்டத்தரணிகள் நாங்கள் தயாரிக்கும் சத்தியக் கடதாசிகளைக் கையொப்பத்துக்கு அவரிடம் கொண்டுபோவோம். அவசரம் என்றால் மட்டும் வேறு ஆளைத் தேடுவோம். அவர் முழுவதையும் வாசிப்பார்; எங்களுக்கு அவரிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

அன்று என்னுடன் வந்தவர் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். காய்ச்சலில் கிடந்த மகனுடன் ஆஸ்பத்திரியில் தங்கியதால் சில நாட்கள் வேலைக்குப் போகவில்லை. அதற்காகத் தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் அவர் பெயரை வெட்டிவிட்டார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தார். மறுநாள் தொழில் நியாய சபையில் கொடுக்கவேண்டிய அவருடைய சத்தியக் கடதாசியை ஆங்கிலத்தில் எழுதியது நான்தான்.

சட்டத்தில் புழங்கும் லத்தீன் சொற்கள் மீது எனக்கு அப்போது பெரும் மோகம். இப்போதும் அது தீரவில்லை. வரும் வழியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பாடமே நடத்தினேன். ‘சப்பீனா’ என்றால் ‘தண்டனைக்கு உட்பட்டு’ என்று பொருள். வராவிட்டால் தண்டனை என்று பழைய அழைப்பாணைகளில் இருந்த சொற்களே அதற்குப் பெயராகிவிட்டன. ‘அலிபாய்’ என்றால் வெறுமனே ‘வேறிடத்தில்’. சத்தியக் கடதாசிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அஃபிடவிட்’, ‘அவர் சத்தியம் செய்திருக்கிறார்’ என்னும் இடைக்கால லத்தீன். அதன் வேரில் நம்பிக்கை என்ற சொல் இருக்கிறது. அவர் தலையாட்டிக்கொண்டே நடந்தார். பாவம், அவர் கவலை அவருக்கு.

“மிஸ், அடியில ‘வாசித்து விளக்கப்பட்டது’ எண்டு எழுதி இரிக்கி. வாசிக்காம சீல் அடிச்சா நான்தானே பொய்யன்? கொஞ்சம் இரிங்க” என்றார் நானா. வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். நான்காவது பந்தியில் அந்தப் பெண் கையை உயர்த்தினார்.

“இல்லைங்க! நான் எங்கங்க வேலைய விட்டேன்? பேர வெட்டிட்டாங்கன்னுதானே மிஸ்கிட்ட வந்தேன்?”

நான் காகிதத்தை வாங்கி அந்தப் பந்தியைப் பார்த்தேன். எல்லா அலுவலகத்திலும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன்: முன்பு வேறொருவருக்கு எழுதியதைக் கணினியில் திறந்து, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றியிருந்தேன். சுயவிருப்பில் வேலையை விட்ட அந்த ஆளின் வாக்கியம் ஒன்று அப்படியே தங்கிவிட்டது. அதில் கையெழுத்து விழுந்திருந்தால் அந்தப் பெண்ணின் வழக்கை நானே முடித்து வைத்திருப்பேன். நானா என்னை ஏசவில்லை. “மாத்திட்டு வாங்க மிஸ், கடை பூட்ட நேரம் இரிக்கி” என்று முத்திரையை மூடிவைத்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திருத்திக்கொண்டு திரும்பினோம், நானா மறுபடியும் முதல் வரியிலிருந்தே வாசித்தார்.

இன்று கண்டியில் என்னிடம் வேலை பார்க்கும் இளம் சட்டத்தரணிகள், நான் ஒவ்வொரு சத்தியக் கடதாசியையும் கட்சிக்காரருக்கு அவரவர் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்வதைப் பார்த்து முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். விசாரணையில் நடந்ததை அவர்களுக்குச் சொல்வேன்.

தோட்ட நிர்வாகத்துக்காக வந்த சட்டத்தரணி அந்தப் பெண்ணிடம் காகிதத்தை நீட்டினார். “உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?”

“தெரியுங்க. எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினாங்க. நாலாவதுல மிஸ் பிழையா எழுதிட்டாங்க, நான்தான் திருத்தச் சொன்னேன்.”

சபையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தோட்டத்துச் சட்டத்தரணி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பற்றி மேலும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். வழக்கு முடிந்து, அந்தப் பெண்ணின் பெயர் மீண்டும் செக்ரோலில் ஏறியது.