மணிக்கும் ஊற்றிய தண்ணீர்

ஆனையூர் வீட்டில், காலிமனைக்குள் புகுந்து வந்த வளர்ப்பு நாயைத் தடவியதும் என் கை எரிந்தது. “செந்தட்டிச் செடியில புரண்டிருக்கு, அதோட சுணைதான் எரியுது. கையுறை போட்டுக் குளிப்பாட்டுங்க,” என்றாள் மனைவி.

பேரையூரில் சின்ன வயசில் எனக்கு இப்படித்தான் உடம்பெல்லாம் தடித்தது. அம்மை என்று அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள், குளிக்கவே விடவில்லை. எங்கள் நாய் மணி பாயில் ஒட்டிப் படுக்கப் படுக்க அரிப்பு கூடியது.

“நாய் மேலதான் என்னமோ இருக்கு,” என்றார் அப்பா.

“ஆத்தா வந்திருக்கா. வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க.”

கடைசியில் எனக்குத் தலைக்கு ஊற்றிய, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரில் மிச்சத்தை மணிக்கும் ஊற்றினாள். அன்றோடு அரிப்பு நின்றது. போனது ஆத்தாளா, செடியின் சுணையா? இன்றுவரை தெரியவில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தேன். வாளியில் ஷாம்பூ நுரைக்கு நடுவே ஒரு கொத்து வேப்பிலை மிதந்தது. நான்தான் போட்டிருக்க வேண்டும்.