சுவிட்ச் இருந்த பெட்டி

அறுபதுகளின் தொடக்கத்தில் என் கணவரின் அண்ணன் மலாயாவிலிருந்து இரண்டு பேசும் பெட்டிகள் கொண்டுவந்தார். திருமயம் பக்கத்தில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் நின்று கூப்பிட்டால் அடுப்படிக்குக் கேட்காது.

சுவிட்ச் இருந்த பெட்டி முகப்பில் அவர் மேசைக்குப் போனது. மற்றது அடுப்படிக்கு வந்தது. அவர் சுவிட்சை அழுத்தினால் அவர் குரல் எங்களுக்கு வரும். கையை எடுத்தால்தான் எங்கள் பேச்சு அவருக்குப் போகும்.

"காப்பி குடிச்சியா?" என்று காலையில் பெட்டி கேட்கும். என் ஓரகத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். "ஆச்சு. நீங்க?" என்பாள். எனக்கு வயிறு எரியும். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் கணவர் பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். நான் குடித்தேனா என்று கேட்க ஆளில்லை. அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூட எனக்கு மனம் வராது.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தாள். பெட்டி இரைந்தது.

"ஒன் தம்பி கல்யாணத்துக்கு முன்னாடியே வாரேன்னு யாரக் கேட்டுச் சொன்ன? இங்கிட்டு வேலைய யாரு பாக்குறது?"

"நான் சின்னவங்க," என்றேன். என் குரல் அவருக்குப் போகவில்லை. அவர் கையை எடுக்காமல் திட்டிக்கொண்டே இருந்தார். எடுத்தபோது எனக்கு நா எழவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று முடித்தார்.

அக்கா வந்ததும் சொன்னேன். அவள் முகம் சிவந்தது.

"எங்க அம்மாகிட்ட சரின்னு தலையாட்டுனதே அவுகதான்!"

ஈரத்தலையோடு முகப்புக்குப் போனாள். என்ன பேசினாளோ தெரியாது. மறுநாள் ரைஸ் மில் எலக்ட்ரீஷியன் வந்து பெட்டிகளை இடம் மாற்றினார். சுவிட்ச் அடுப்படிக்கு வந்தது.

அன்று மத்தியானமே அவள் அதை அழுத்தினாள். தம்பி கல்யாணத்துக்கு எந்த பஸ்ஸில் போவது, எத்தனை நாள் தங்குவது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். நடுவில் அவரால் ஒரு வார்த்தை நுழைக்க முடியவில்லை. கையை எடுத்தாள்.

"சரி, போயிட்டு வா," என்றது பெட்டி, தாழ்ந்த குரலில்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கான திட்டைக் கேட்டபோது ஆறியிருந்த வயிறு, முன்னைவிட அதிகமாக எரிந்தது. சண்டை போடவாவது அவளுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருந்தார்.